படகு நின்றால்தான் கரைக்குக் காசு

இந்த மாதப் பாடம்: ஆற்றுப் படகுப் பயணமும் கரையோரப் பெண்களும்



"நமக்கு எதுக்கும்மா படகு சவாரி? அதெல்லாம் காசு உள்ளவங்களுக்கு" என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. பட்டறிவுப் பயணமாகக் கேரளம் போய்வர வேண்டும் என்று பல குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆலப்புழையும் குட்டநாடும் அந்தப் பட்டியலில் எப்போதும் உண்டு. போய் போட்டோ எடுத்துக்கொண்டு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினால் அது வெறும் சுற்றுலா. அங்கே கரையில் நிற்கும் பெண் எப்படிப் பிழைக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அது பட்டறிவு.

வழக்கம்போல எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். பாடம் நீளம் என்பதால் இரண்டு கூட்டங்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

பம்பை ஆறும் குட்டநாடும்

சபரிமலைக்கு மாலை போட்டவர் இல்லாத ஊர் நம் பக்கம் இல்லை. அந்த மலையடிவாரத்தில் குளித்துவிட்டு ஏறுகிறார்களே, அதே பம்பை ஆறுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, 176 கிலோமீட்டர் ஓடி, ஆரன்முளை, செங்கன்னூர் தாண்டி, குட்டநாட்டுக்குள் பல கிளைகளாகப் பிரிந்து, கடைசியில் வேம்பநாட்டுக் காயலில் சேர்கிறது. மீனச்சில், மணிமலை, அச்சன்கோவில் ஆறுகளின் தண்ணீரும் இந்தப் பக்கம்தான் வருகிறது. கடலை ஒட்டித் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பைத்தான் அங்கே காயல் என்கிறார்கள்.

இத்தனை ஆறு வந்து சேர்வதால் குட்டநாட்டில் தெருவே தண்ணீர்தான். வீட்டு வாசலில் சைக்கிள் நிற்பதுபோலப் படகு கட்டியிருக்கும். வயல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் மட்டத்தைவிடவும் சுமார் 0.6 முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்த நிலத்தில் வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியே விட்டு, நெல் போடுகிறார்கள். உலக உணவு வேளாண்மை அமைப்பு 2013ஆம் ஆண்டு இந்த விவசாய முறையைப் பாரம்பரியச் சிறப்பு உள்ளதாக அறிவித்தது. வரப்பு உடைந்தால் ஒரே நாளில் வெள்ளாமை போய்விடும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் வீடும் வயலும் சேர்ந்து மூழ்கியது.

நெல் சுமந்த படகு ஆள் சுமக்கிறது

மூங்கிலும் ஓலையும் வேய்ந்த கூரை வீடு போலத் தண்ணீரில் மிதக்கும் படகைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் கெட்டுவள்ளம். கெட்டு என்றால் கட்டு. வள்ளம் என்றால் படகு. நம் கன்னியாகுமரிப் பக்கமும் வள்ளம் என்றுதானே சொல்கிறோம்! ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் சேர்த்துத் தைத்துக் கட்டுவார்கள். ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டுவதுதான் பழைய முறை. முன்பு குட்டநாட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போனது இந்த வள்ளம்தான். சாலையும் லாரியும் வந்ததும் வள்ளத்துக்கு வேலை இல்லாமல் போனது. 1990களில் அதிலேயே அறையும் சமையலறையும் வைத்துப் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். வேலை இல்லாமல் கிடந்த பொருளுக்குப் புது வேலை தேடிக்கொடுத்தார்கள். இதை மனதில் வையுங்கள். பாடத்தின் கடைசியில் இதற்கு வருவோம்.

எந்தப் படகில் ஏறலாம்?

மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, அரசுப் பயணிகள் படகு. கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை நடத்துகிறது. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. பள்ளிப் பிள்ளைகள், மீன்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும் ஏறுவார்கள். ஆலப்புழையில் ஏறிக் கோட்டயம் போக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கட்டணம் மிகக் குறைவு. நிறையப் பேர் போகும் குழுவுக்கு இதுவே போதும்.

இரண்டு, பகல் படகு. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம். மொத்தமாக வாடகை பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். கரையில் எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று நாமே பேசிக்கொள்ள முடியும்.

மூன்று, இரவு தங்கும் படகு வீடு. பெரும்பாலும் மதியம் ஏற்றி, மறுநாள் காலை இறக்கிவிடுவார்கள். இருட்டுவதற்கு முன்பே படகைக் கரையில் கட்டிவிட வேண்டும். காரணம், இரவு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். சாப்பாடு வாடகையோடு சேர்ந்தே இருக்கும். இதற்குத்தான் செலவு அதிகம். டிசம்பர் கடைசியிலும் விடுமுறை நாட்களிலும் வாடகை ஏறிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பெருமழைக் காலம். ஆற்றில் நீர் ஏறும்போது போகாமல் இருப்பது நல்லது.

ஏறுவதற்கு முன் கேளுங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான் அங்கே பெரிய தவறு.

ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள்:

1. படகுக்கு உரிமம் இருக்கிறதா? எத்தனை பேருக்கு அனுமதி? அந்த எண்ணிக்கை படகிலேயே எழுதியிருக்க வேண்டும்.
2. நம் எண்ணிக்கை அதற்குள் இருக்கிறதா? குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுங்கள்.
3. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? இருந்தால் போதாது, போட்டுக்கொள்ள வேண்டும்.
4. கழிப்பறைக் கழிவு தொட்டியில் சேருகிறதா, ஆற்றில் விழுகிறதா?
5. எங்கே நிறுத்துவார்கள்? எத்தனை நேரம்? அங்கே தனியாகக் காசு கேட்பார்களா?

எங்கள் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். "அங்க பாருங்க, எவ்வளவு வாத்து!" என்று ஒருவர் கத்தினதும் பாதிப் பேர் ஒரே பக்கம் ஓடினோம். படகு சாய்ந்தது. ஓட்டுநர் சத்தம் போட்டு எங்களைப் பழைய இடத்தில் உட்கார வைத்தார். அதுவரை "சேலைக்கு மேல இது என்னத்துக்கு, அசிங்கமா இருக்கு" என்று லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்திருந்த அக்கா, பேசாமல் எடுத்து மாட்டிக்கொண்டார். இறங்கும் வரை கழற்றவே இல்லை.

கரையில் என்ன பார்க்கலாம்?

படகில் இருந்துகொண்டே பார்த்தால் தென்னை மரமும் தண்ணீரும்தான் தெரியும். இறங்கினால்தான் ஊர் தெரியும்.

சம்பக்குளத்தில் பம்பைக் கரையில் பழமையான மரியன்னை ஆலயம் இருக்கிறது. எடத்துவாவில் புனித ஜார்ஜியார் ஆலயம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 7 வரை நடக்கும் அதன் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து, முக்கியமாகக் கடற்கரை ஊர்களிலிருந்து, குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். கருமாடியில் கருங்கல் புத்தர் சிலை இருக்கிறது. ஒரு பக்கம் உடைந்த சிலை. ஊர் மக்கள் செல்லமாகக் கருமாடிக்குட்டன் என்கிறார்கள். தகழி கிராமத்தில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் வீடு நினைவில்லமாக இருக்கிறது. 'செம்மீன்' எழுதினவர். 1984இல் ஞானபீட விருது பெற்றவர்.

இவற்றோடு நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பெண்கள் செய்யும் வேலை. கயிறு திரிக்கும் இடத்துக்குப் போங்கள். தேங்காய் மட்டையைப் பல மாதம் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து நாராக்கி, ராட்டையில் திரிக்கிறார்கள். ஒருவர் ராட்டையைச் சுற்ற, மற்றவர் இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்துகொண்டே திரிப்பார். நாள் முழுக்க எவ்வளவு தூரம் நடப்பார் என்று நினைத்துப் பாருங்கள். மட்டை அடித்ததும் கயிறு திரித்ததும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் பெண்கள்தான். கூலி மட்டும் எப்போதும் கொஞ்சம்தான்.

ஓலை பின்னிய இடத்தில் நடந்தது

எங்கள் படகு ஒரு சிறிய கரையில் நின்றது. ஓலைக் கொட்டகை. உள்ளே ஒரு சேச்சி தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார். முன்னால் நாலைந்து வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு ஆளுக்கு ஒரு கட்டணம்.

எங்களுடன் வந்த அக்கா ஒருவர், "இதுக்கா காசு? எங்க வீட்டுக் கொல்லையில நான் பின்னாத கீத்தா?" என்றார். சேச்சி சிரித்துக்கொண்டே ஓலையை இவர் பக்கம் தள்ளினார். நம் அக்கா உட்கார்ந்தார். கை ஓடின வேகத்தில் அந்தக் கீற்று முடிந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

சேச்சி மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "நல்லாப் பின்னுறீங்களே. உங்க ஊர்ல இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

அக்காவிடம் பதில் இல்லை. எங்கள் யாரிடமும் இல்லை.

படகுக்குத் திரும்பும்போது அவர் என்னிடம் சொன்னது: "கை எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான். அவங்களுக்குக் கொட்டகை இருக்கு, ரேட்டு இருக்கு, படகு வந்து நிக்குது. எனக்கு நிக்கலை." இந்தப் பாடம் முழுவதும் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது.

நிற்காத படகு என்ன கொடுக்கிறது?

அதே நாள் வேறொரு கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேசினோம். "உங்களுக்குப் படகால வருமானம் உண்டா?" என்று கேட்டோம். "என் வாசல்ல எது நிக்குது? நாலு வீடு தள்ளித்தான் நிக்கும். எனக்கு வர்றது அலையும் எண்ணெயும்தான். கரைக்கல்லு அரிச்சுக்கிட்டே போகுது" என்றார்.

அவர் சொன்னது சின்ன விஷயம் இல்லை. குட்டநாட்டில் சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்க நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. குடிநீர் குழாயிலும் படகிலும் வர வேண்டியிருக்கிறது. ஆனாலும் குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வாசல் தண்ணீரில்தான். படகின் டீசல் எண்ணெயும், கழிவும், நாம் எறியும் பிஸ்கட் உறையும் அந்த அம்மாவின் சட்டிக்குத்தான் போய்ச் சேரும். அதனால் பயணத்தில் ஒரு பை கொண்டுபோங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

மாற்று வழியும் வந்துகொண்டிருக்கிறது. 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் பயணிகள் படகு ஓட ஆரம்பித்தது. டீசல் புகை இல்லை, பெரிய சத்தமும் இல்லை. 1924இல் தந்தை பெரியார் போராடிச் சிறை சென்றாரே, அதே வைக்கம்தான். போனால் அந்த நினைவிடத்தையும் பார்த்து வாருங்கள்.

குமரகத்துப் பெண்கள் என்ன செய்தார்கள்?

கேரளத்தில் 1998இல் குடும்பஸ்ரீ தொடங்கியது. நாம் சுய உதவிக் குழு என்பதை அங்கே அயல்கூட்டம் என்பார்கள். அதற்கு மேல் வார்டு அளவிலும் ஊராட்சி அளவிலும் அமைப்பு உண்டு. நம் ஊராட்சிக் கூட்டமைப்பு மாதிரியே.

வேம்பநாட்டுக் காயல் கரையில் குமரகம் இருக்கிறது. பெரிய பெரிய ஓட்டல்கள் வந்தன. ஆனால் அந்த ஓட்டல்களுக்குக் காய்கறி வெளியூரிலிருந்து வந்தது. (நம் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போவது உங்களுக்குத் தெரியாததா!) ஊர்க்காரருக்கு மிஞ்சினது குப்பையும் கூட்டமும்தான் என்று மனக்குறை வளர்ந்தது.

2008இல் கேரளச் சுற்றுலாத் துறையும் ஊராட்சியும் சேர்ந்து, பொறுப்புள்ள சுற்றுலா என்ற பெயரில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். குடும்பஸ்ரீப் பெண்கள் காய்கறி பயிரிட வேண்டும். ஓட்டல்கள் அதை வாங்க வேண்டும். விலையை யார் வைப்பது? அதற்கு ஒரு குழு. தரம் பார்க்க ஒரு குழு. ஓட்டல் தரப்பும் ஊர்த் தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். கயிறு திரித்தல், ஓலை முடைதல், மீன் பிடித்தல் இவற்றைப் பயணிகளுக்குக் காட்டும் கிராமச் சுற்றுகளும் வந்தன. பெண்கள் செண்டை மேளமும் கற்றுக்கொண்டு வாசித்தார்கள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. மழைக் காலத்தில் காய் விளையாது. ஒரு நாள் அதிகமாக வரும், ஒரு நாள் போதாது. ஓட்டலுக்குத் தினமும் ஒரே அளவு வேண்டும். பேசிப் பேசித்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. 2017இல் இந்த வேலையை மாநிலம் முழுவதும் எடுத்துச் செல்லக் கேரள அரசு தனி இயக்கமே ஏற்படுத்தியது. தனித்தனி ஆளாகக் கேட்டிருந்தால் எந்த ஓட்டல் மேலாளர் கதவு திறந்திருப்பார்? குழுவாகப் போனதால்தான் பேச்சு நடந்தது.

ஒரு கணக்கு போடுவோம்

இது உதாரணக் கணக்குதான். கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

ஒரு படகில் 15 பேர் வந்து இறங்குகிறார்கள். ஓலை முடைவதைப் பார்க்க ஆளுக்கு 100 ரூபாய். மொத்தம் 1,500 ரூபாய்.

முதல் வழி: ஏஜெண்ட் வசூலிக்கிறார். பின்னிக் காட்டின பெண்ணுக்கு 200 ரூபாய் தருகிறார். மீதி 1,300 அவருக்கு.

இரண்டாம் வழி: குழு வசூலிக்கிறது. அழைத்து வந்தவருக்கு 150. ஓலை, இளநீர் வகைக்கு 150. வேலை செய்த 4 பெண்களுக்கு ஆளுக்கு 225 வீதம் 900. குழு நிதிக்கு 300. மொத்தம் 1,500.

ஓலையும் அதே ஓலை, கையும் அதே கை, படகும் அதே படகு. வசூல் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

படகில் ஏறும் நாமும் இதைக் கவனிக்க வேண்டும். படகுக்காரர் காட்டும் கடையில் மட்டும் வாங்காமல், பெண்கள் குழு நடத்தும் இடம் எது என்று கேட்டு அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். பேரம் பேசுவதில் நாம் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கயிறு திரிக்கிறவளிடம் பத்து ரூபாய் குறைக்கும் முன், நம் ஊறுகாயை யாராவது அப்படிக் குறைத்துக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் குளிக்கும் படித்துறை நமக்கு வேடிக்கை இல்லை.

நம் ஊருக்கு வருவோம்

நம் ஊரில் காயல் இல்லையே என்று சொல்ல வேண்டாம். பிச்சாவரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் கோயில் ஊர்களுக்கும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் நம் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். நெல் சுமந்த வள்ளத்துக்குப் புது வேலை கிடைத்ததுபோல, நம் கைவேலைக்கும் கிடைக்கலாம். ஒரே நாளில் நடக்காது. முதலில் செய்ய வேண்டியது மூன்று.

உங்கள் குழுவில் யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்று எழுதுங்கள். "இது என்ன பெரிய விஷயம்" என்று விட்டுவிடாமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் ஊர் வழியாக யார், எந்த மாதம், எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பிறகு விலையைக் குழுவாக முடிவு செய்து தீர்மான நோட்டில் பதிவு செய்யுங்கள். ஒருவர் குறைத்து விற்றால் எல்லாருக்கும் நஷ்டம்.

பயணத்துக்கு உள்கடன் வாங்க வேண்டாம். மாதம் ஒரு சிறு தொகை தனியாகச் சேர்த்துப் போனால் மனசுக்கும் நிம்மதி.

அந்த அக்கா ஊர் திரும்பியதும் தன் வீட்டுக் கீற்றை எண்ண ஆரம்பித்திருக்கிறார். வாரத்துக்கு எத்தனை பின்னுகிறார், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று மகளின் பழைய நோட்டில் குறிக்கிறார். "விலை வைக்கிறது அப்புறம். முதல்ல என் வேலை எவ்வளவுன்னு எனக்கே தெரியணும்ல" என்றார். அடுத்த கூட்டத்தில் உங்கள் நோட்டையும் கொண்டு வாருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. கெட்டுவள்ளத்துக்குப் பழைய வேலை என்ன? புது வேலை என்ன?
2. படகில் ஏறும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைப் பார்க்காமல் சொல்லுங்கள்.
3. நிற்காத படகால் கரையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன நஷ்டம்?
4. குமரகத்தில் விலைக்கு ஒரு குழு, தரத்துக்கு ஒரு குழு என்று வைத்தது ஏன்?
5. நாம் தினமும் செய்யும் எந்த வேலையை வெளியூர்க்காரர் காசு கொடுத்துப் பார்ப்பார்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். ஊக்குநர் அதை எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.